கரண்ட் போனாலும் போகாத காந்தம்

நடுவர் அவர்களே! எதிரணியிலே பேசிய அம்மா, "மூளையை ஸ்கேன் பண்ற அந்தக் குழாய்க்குள்ளே போனா பாதி உயிர் அங்கேயே போயிடுது, மருத்துவக் கருவிகள் தருவது அச்சமே"ன்னு சொல்லிக் கைதட்டல் வாங்கிட்டாங்க. அந்தக் குழாயையே நானும் எடுத்துக்கிறேன்.

1977ஆம் ஆண்டு நியூயார்க்கில் டாக்டர் ரேமண்ட் டமாடியன் இப்படி ஒரு கருவியைக் கட்டி, முதலில் தாமே உள்ளே உட்கார்ந்தார். படம் வரவில்லை. உடம்பு பருமன்! ஒல்லியாக இருந்த தம் மாணவர் மின்காஃபை உட்காரவைத்தார். ஜூலை 3ஆம் தேதி படம் வந்தது. ஒல்லியா இருக்கிறவனுக்கும் உலகத்திலே ஒரு மரியாதை உண்டுங்க! (சிரிப்பு) மார்பின் ஒரே ஒரு குறுக்குவெட்டுப் படம். அதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம். இன்றைக்கு மூளை முழுவதையும் அரைமணி நேரத்திலே பார்த்துடறாங்க, மண்டையைத் திறக்காம, எக்ஸ்ரே கதிர் படாம.

முகத்துக்கு மேலே கூண்டு மாதிரி மாட்டுறாங்களே, அதைக் கண்டுதான் பலபேர் நடுங்குறாங்க. அது கூண்டு இல்லீங்க, காது! மூளையிலே பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்களை ரேடியோ அலையால் தட்டினால், அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது மெல்லிய குரல் கொடுக்கும். அதை ஒட்டுக்கேட்கிற ஆண்டெனா அது.

அப்போ பயமே வேண்டாமா? வேணும், காந்தத்துக்கு! பல கருவிகளில் அது 1.5 டெஸ்லா, பூமியின் காந்தப்புலத்தைப்போல் சுமார் 30,000 மடங்கு. மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியம் குளிரவைக்கிற கம்பிச்சுருள், மின்தடையே கிடையாது. கரண்ட் போனாலும் காந்தம் போகாது. 2018 ஜனவரியில் மும்பையிலே ஆக்சிஜன் சிலிண்டரோடு அந்த அறைக்குள் போன ஒருவரைக் கருவி இழுத்து, உயிரே போயிற்று. நோயாளிகூட இல்லை அவர்; உறவினரைப் பார்க்க வந்தவர்.

அதனாலேதான் வாசலிலே கேட்கிறாங்க: தலையிலே ஆபரேஷன் நடந்ததா? உள்ளே கிளிப் இருக்கா? நெஞ்சிலே பேஸ்மேக்கர் உண்டா? நம்ம வீட்டிலே என்ன செய்யறோம்? பொண்ணுக்குக் கல்யாணம் ஆகணுமேன்னு பழைய ஆபரேஷனை மாமியார்கிட்டே மறைச்சோம். அதே வாயாலே டெக்னீஷியன்கிட்டேயும் "ஒண்ணுமில்லே"ங்கிறோம்! மாமியார் மன்னிப்பாங்க, காந்தம் மன்னிக்காது. (பலத்த கைதட்டல்)

உள்ளே படுப்பவர் கையிலே ஒரு ரப்பர் பந்து கொடுப்பாங்க. முடியலேன்னா அமுக்கலாம், வெளியே மணி அடிக்கும், ஆள் வருவாங்க. அங்கே மணி உள்ளே இருக்கிறவர் கையிலே. இங்கே மட்டும் நடுவர் கையிலே, அடிச்சுட்டீங்க, உட்கார்ந்துடறேன். வணக்கம்!