இடது பக்கம்தானே, நமக்குத் தெரியாததா?

ஜப்பான்ல சைக்கிள் ஓட்டின கதையை இந்தத் தடவை சொல்றேன்னு போன எபிசோட்ல சொல்லியிருந்தேன். எத்தனை கிலோமீட்டர், எத்தனை நாள்னு கேட்டிருந்தீங்க. சுமார் 70 கிலோமீட்டர், ரெண்டு நாள். ஆனா இன்னைக்கு நான் சொல்ல வந்தது அதுல ஒரு 200 மீட்டரைப் பத்தி.

புதுசா கேக்கிறவங்களுக்கு: நான் இருக்கிறது தண்டலம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஓரம். கார் உதிரி பாகம் செய்யற ஒரு கம்பெனியில மெயின்டனன்ஸ் வேலை. போன வருஷம் ட்ரெய்னிங்குக்காக ஆறு மாசம் ஹிரோஷிமா பக்கம் அனுப்பினாங்க. அங்க இருந்து ஒனோமிச்சி பக்கம். ஒனோமிச்சியில ஆரம்பிச்சு, ஆறு தீவுகளைப் பாலத்தால கோத்துக்கிட்டு இமாபாரி வரைக்கும் ஒரு பாதை போகுது. ஷிமானாமி காய்டோன்னு பேரு. 1999-ல திறந்தாங்க. பாலத்துல காருக்குத் தனி வழி, சைக்கிளுக்குத் தனி வழி. ஊருக்குள்ள ரோட்டோரம் நீலக் கோடு போட்டிருப்பாங்க. அதைப் பிடிச்சுக்கிட்டே போனா வழி தப்பாது.

ஜப்பான்லயும் நம்ம மாதிரி இடது பக்கம்தான். அதனால நான் ஒண்ணுமே படிக்காம போனேன். சின்ன வயசுல இருந்து சைக்கிள் ஓட்டறோம், நமக்கு யாரு சொல்லித் தரணும்னு ஒரு நினைப்பு.

முதல் பாடம் மணியில ஆரம்பிச்சது. முன்னாடி நடந்து போறவங்களைப் பாத்ததும் ட்ரிங் ட்ரிங்னு அடிச்சேன். கூட வந்த எங்க ட்ரெய்னர், அவர் ஜப்பான்காரர், பதறிப் போயிட்டார். ஆபத்தைத் தவிர்க்கவோ, மணி அடிக்கச் சொல்லி போர்டு வச்ச இடத்துலயோதான் அடிக்கணுமாம். நடக்கிறவங்களை ஒதுங்கச் சொல்ல அடிக்கக் கூடாதாம். பின்னாடியே மெதுவா போகணும், இல்லைன்னா இறங்கிடணும்.

அப்புறம் ஒவ்வொண்ணா சொல்லிக் கொடுத்தார். அங்க சட்டத்துல சைக்கிளும் ஒரு வண்டி. மாட்டு வண்டி, குதிரை வண்டி இருக்கிற அதே வகையில சைக்கிளையும் வச்சிருக்காங்க. வண்டின்னா ரோட்டுல, இடது ஓரம். நடைபாதையில ஏறணும்னா அனுமதி போர்டு இருக்கணும். சின்னப் பிள்ளைங்களுக்கும் 70 வயசு ஆனவங்களுக்கும் விலக்கு உண்டு. சிக்னல்ல வலது பக்கம் திரும்பணும்னா நடு ரோட்டுக்குப் போகக் கூடாது. நேரா எதிர் முனை வரைக்கும் போய் நின்னு, அங்க பச்சை விழுந்ததும் கடக்கணும். சிவப்பு முக்கோணம் தலைகீழா இருந்து 'தொமாரே'ன்னு எழுதியிருந்தா, தெருவுல ஒரு ஈ காக்கா இல்லைன்னாலும் நிக்கணும். குடை பிடிச்சுக்கிட்டு ஓட்டக் கூடாது. 2024 நவம்பர் 1-ல இருந்து, கையில போன் வச்சுக்கிட்டு சைக்கிள் ஓட்டினா ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலோ, ஒரு லட்சம் யென் வரைக்கும் அபராதமோ உண்டு.

எல்லாத்துக்கும் தலையை ஆட்டினேன். மறுநாள்தான் அந்த 200 மீட்டர்.

இகுச்சிஜிமான்னு ஒரு தீவு, எலுமிச்சைக்குப் பேர் போனது. எனக்குத் தண்ணி தீந்து போச்சு. ரோட்டுக்கு வலது பக்கம் கொஞ்ச தூரத்துல ஒரு கடை தெரிஞ்சுது. வண்டியே இல்லைன்னு கடந்து, வலது ஓரமாவே மிதிச்சேன். நம்ம சர்வீஸ் ரோட்டுல தினமும் பண்றதுதானே. வீடுகளுக்கு நடுவுல இருந்து ஒரு பாட்டி சைக்கிள்ல வெளிய வந்தாங்க. வலது பக்கம் பாத்தாங்க, திரும்பினாங்க. நான் அவங்க இடது பக்கத்துல, முன் சக்கரத்துக்கு ஒரு கை தூரத்துல இருக்கேன். ரெண்டு பேரும் பிரேக் பிடிச்சோம். மோதலை. ஆனா அவங்க கூடையில இருந்த காய் எல்லாம் ரோட்டுல உருண்டுது. நான் பொறுக்கிக் கொடுக்கிறேன், அவங்க என்கிட்ட மன்னிப்பு கேக்கிறாங்க. அவங்க என்னங்க தப்பு பண்ணாங்க?

ட்ரெய்னர் அப்போ ஒண்ணும் சொல்லலை. ராத்திரி சாப்பிடும்போது ஒரு பேப்பர்ல படம் வரைஞ்சார். ரோடு, சந்து, பாட்டி. "சந்துல இருந்து வர்றவங்க கண்ணு முதல்ல எந்தப் பக்கம் போகும்? வண்டி வர்ற பக்கம். நீ வந்தது யாருமே வரக் கூடாத பக்கம்." 2013 டிசம்பர் வரைக்கும் அங்கயும் ரோட்டோர நடைப்பட்டையில சைக்கிள் ரெண்டு திசையிலயும் போகலாம்னு இருந்துச்சாம். அப்புறம்தான் இடது பக்கம் மட்டும்னு மாத்தியிருக்காங்க. இப்போ 2026 ஏப்ரல் 1-ல இருந்து, 16 வயசு ஆனவங்க எதிர்த் திசையில ஓட்டினா 6,000 யென் கட்டணும்.

ரூல்னா போலீஸ் பிடிக்காம தப்பிக்கிறதுக்குன்னு நினைச்சிருந்தேன். அப்படி இல்லைங்க. நான் எங்கிருந்து வருவேன்னு முன்பின் தெரியாத ஒருத்தருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கிறதுதான் ரூல்.

சரி, தண்டலத்துக்கு வரேன். என் பொண்ணு எட்டாவது படிக்குது. ட்யூஷனுக்குச் சைக்கிள். எங்க தெருமுனையில இருந்து எதிர்த் திசையில 300 மீட்டர். சரியான திசையில போகணும்னா அடுத்த யூ-டர்ன் வரைக்கும் போய், நெடுஞ்சாலையை ரெண்டு தடவை கடக்கணும். கண்டெய்னர் லாரிக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் நடுவுல ஒரு குழந்தையை அப்படிப் போன்னு நான் சொல்லுவேனா? ஷிப்ட் விட்டதும் எதிர்த் திசையில வர்ற தொழிலாளிங்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். ரூலை மதிக்கணும்னா ரோடும் கொஞ்சம் இடம் கொடுக்கணும். ஜப்பான்ல கொடுத்திருக்காங்க. இங்க கடக்கிறதுக்கு ஒரு இடம் கேட்டு நாமதான் எழுதிப் போடணும். நான் போட்டிருக்கேன்.

அதுவரைக்கும்? ஜப்பான் சட்டத்துல இன்னொரு விஷயம் உண்டு. சைக்கிள்ல இருந்து இறங்கித் தள்ளிக்கிட்டுப் போனா நீங்க வண்டி இல்லை, நடக்கிறவர். அதை வீட்டுல கொண்டு வந்துட்டேன். அந்த 300 மீட்டர் இறங்கித் தள்ளு, ரோட்டை விட்டு மண் ஓரமா. ஒவ்வொரு சந்து வாயிலயும் நின்னு பாரு. "எல்லாரும் ஓட்டிட்டுப் போறாங்க, நான் மட்டும் தள்ளணுமாப்பா?"ன்னு முதல் வாரம் ஒரே சண்டை. நானும் கூடவே என் சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போனேன். நாலு நிமிஷம்தான் ஆகுது.

வெளிநாட்டுல ஓட்டப் போறவங்க கிளம்பறதுக்கு முன்னாடி மூணு விஷயம் படிச்சுட்டுப் போங்க: எந்தப் பக்கம், நடைபாதையில ஏறலாமா, எங்க நிக்கணும். கூட்டமா போறீங்கன்னா அதையும் பாருங்க. சிங்கப்பூர்ல 2022-ல இருந்து ரோட்டுல ஒற்றை வரிசைன்னா அஞ்சு சைக்கிளுக்கு மேல சேர்ந்து போகக் கூடாது. நம்ம ஊர் மாதிரியே இருக்கிற நாடுன்னா இன்னும் கவனமா படிங்க. அங்கதான் நாம படிக்காம போவோம்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.