தண்டவாளம் யாருக்காக?

(விவசாயத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கூடிய அரசியல் வகுப்பில், சேதுக் கரையில் போக்குவரத்து மாறி வந்த வரலாற்றைப் பற்றி நிகழ்த்திய உரை)



2025 ஏப்ரல் 6ஆம் தேதி பாம்பனில் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டது. பிரதமர் வந்தார், கொடி அசைத்தார். பாலத்தின் நடுவே 72.5 மீட்டர் நீளமுள்ள இரும்புத் துண்டம் அப்படியே செங்குத்தாக மேலே எழும்புவதைக் கண்டு நாமெல்லாம் வியந்தோம். வியக்க வேண்டியதுதான். தொழிலாளியின் கைவேலையைத் தொழிலாளி மெச்சாமல் வேறு யார் மெச்சுவது?

ஆனால் அதற்கு முன் 2022 டிசம்பரிலிருந்து இரண்டே கால் வருஷம் ராமேஸ்வரம் தீவுக்கு ரயிலே கிடையாது. பழைய பாலம் ரயிலைத் தாங்காது என்று வண்டிகளை மண்டபத்திலும் ராமநாதபுரத்திலும் நிறுத்திவிட்டார்கள். அங்கே இறங்கி, மூட்டையைத் தலையில் ஏற்றி, பஸ்ஸுக்குத் தனியாகக் காசு கொடுத்துத்தான் தீவுக்குள் போக வேண்டியிருந்தது. கார் வைத்திருப்பவனுக்கு இது ஒரு செய்தி மட்டுமே. தினக்கூலிக்காரனுக்கோ வீட்டுச் செலவில் விழுந்த துண்டு. வண்டி எங்கே நிற்கிறது என்பதை யாரோ எங்கோ உட்கார்ந்து தீர்மானிக்கிறார்கள். அந்தத் தீர்மானத்தில் ஓர் ஊர் எழுகிறது, இன்னோர் ஊர் படுத்துவிடுகிறது. இந்தக் கரையில் இது பலமுறை நடந்திருக்கிறது. அந்தக் கதையைத்தான் இன்று பேசப் போகிறோம்.

ரயில் வராத காலத்தில் இந்தக் கரையின் வாகனம் தோணி. தோணிக்கு ஆழமான துறைமுகம் வேண்டாம், கட்டிடம் வேண்டாம். ஒதுங்க ஓர் இடம் இருந்தால் போதும். அதனால் கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று கரை நெடுகிலும் சிறிதும் பெரிதுமாகத் துறைகள் இருந்தன. அரிசியும் துணியும் கருவாடும் சங்கும் ஏற்றிக்கொண்டு, காற்றைப் பார்த்துப் பாய் விரித்து இலங்கைக்குப் போய் வந்தார்கள். கீழக்கரை மரக்காயர்களின் கப்பல் வாணிபம் பேர் பெற்றது. 17ஆம் நூற்றாண்டின் வள்ளல் சீதக்காதி அந்த வாணிபத்தில் வளர்ந்தவர்தான். அந்தக் காலம் பொற்காலம் என்று நாம் சொல்ல வரவில்லை. தோணி ஒருவனுடையது, பாய் இழுத்தவன் வேறொருவன். முத்துக்கும் சங்குக்கும் மூச்சடக்கிக் கடலுக்குள் முங்கியவன் கையில் என்ன மிஞ்சியது?

தரை வழியோ நடை வழி. காசியிலிருந்தும் கன்னடத்திலிருந்தும் யாத்திரிகர்கள் மாதக்கணக்கில் நடந்து வந்தார்கள். அவர்கள் தங்குவதற்குச் சேதுபதி மன்னர்கள் வழி நெடுகச் சத்திரங்களும் மடங்களும் கட்டினார்கள். தங்கச்சிமடம் என்று இன்றைக்கும் ஓர் ஊர் இருக்கிறதல்லவா? நடந்து வந்தவன் காலுக்கு ஓய்வு கொடுத்த மடமே ஊராகிப் போனது.

இந்த நடை வழியில் 19ஆம் நூற்றாண்டில் வேறொரு கூட்டம் நடக்க ஆரம்பித்தது. இலங்கை மலைகளில் வெள்ளைத் துரைமார்கள் காப்பித் தோட்டம் போட்டார்கள். கூலிக்கு ஆள் வேண்டும். ராமநாதபுரம், மதுரை, புதுக்கோட்டை, திருச்சிச் சீமைகளில் கண்மாய் வறண்ட போதெல்லாம் கங்காணி முன்பணத்தோடு வந்து நின்றான். ஆணும் பெண்ணும் குழந்தையுமாய்க் கரைக்கு நடந்தார்கள். தோணியில் மன்னார்க் கரை இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை மறுபடியும் நடந்தார்கள். தண்ணீரில்லாத காடு. காலரா ஒருபக்கம், பசி ஒருபக்கம். விழுந்தவனை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். அந்தப் பாதையில் செத்தவர்கள் எல்லோருக்கும் பெயர் எழுதிய ஏடு எதுவுமில்லை. கங்காணியின் கடன் கணக்கு மட்டும் பிசகாமல் இருந்தது.

பிறகு ரயில் வந்தது. இந்தியாவில் முதல் பிரயாணி ரயில் 1853இல் பம்பாயிலிருந்து தாணாவுக்கு ஓடியது. அதே வருஷம் மார்க்ஸ் லண்டனில் உட்கார்ந்து இந்திய ரயில்வேயைப் பற்றி எழுதினார். பஞ்சையும் கச்சாப் பொருளையும் மலிவாக அள்ளிக்கொண்டு போகத்தான் ஆங்கில ஆலை முதலாளிகள் இதைப் போடுகிறார்கள் என்று கண்டு சொன்னார். அதோடு நிறுத்தவில்லை; ரயிலை வைத்துக்கொண்டு நவீனத் தொழில் பிறக்காமல் தடுத்துவிட அவர்களால் முடியாது என்றும் சொன்னார். இரண்டும் நம் கண் முன்னால் நடந்தன. ரயில்வேக் கம்பெனிகளுக்கு லாபம் வந்தாலும் வராவிட்டாலும் நூற்றுக்கு 5 வட்டி நிச்சயம் என்று சர்க்கார் உத்தரவாதம் கொடுத்தது. கொடுத்தது யார் பணம்? நம் பாட்டன் கட்டிய வரிப்பணம். மதுரைக்கு ரயில் 1875இல் வந்தது. அடுத்த வருஷமே தாது வருஷப் பஞ்சம். ஜனங்கள் எலும்பும் தோலுமாய்ச் சாகும்போது, விலை அதிகம் கிடைக்கும் இடத்துக்குத் தானியத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க அந்தத் தண்டவாளம் உதவியது. 1892இல் அதே மதுரை ஸ்டேஷன் பக்கத்தில் ஹார்வி ஆலை எழுந்தது. பஞ்சு வர ஒரு வாசல், நூல் போக ஒரு வாசல், இடையில் ஆயிரக்கணக்கான தொழிலாளிகள். கோயிலைச் சுற்றிக் கிடந்த மதுரை, ஆலைச் சங்குக்கு எழுந்திருக்கும் மதுரையாயிற்று. ஆலைத் தோழர்களே, உங்கள் வர்க்கம் பிறந்த தொட்டில் அந்தத் தண்டவாளத்தின் ஓரத்தில்தான் இருந்தது.

1902இல் மதுரையிலிருந்து மண்டபம் வரை தென்னிந்திய ரயில்வேக் கம்பெனி பாதை போட்டது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளம்; கப்பல் வந்தால் நடுவில் இரண்டு பக்கமும் தூக்கிக்கொள்ளும் ஷெர்சர் தூக்குப் பாலம். சென்னை எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி. அங்கிருந்து ஸ்டீமரில் 22 மைல் கடல், தலைமன்னார். மறுபடி ரயில், கொழும்பு. இதற்குப் பெயர் போட் மெயில். சென்னையில் வாங்கிய ஒரே டிக்கட் கொழும்பு வரை செல்லும்.

தோணிக்குக் கரையெல்லாம் துறை. ரயிலுக்கோ தண்டவாளம் முடியும் இடம் மட்டுமே துறை. அதனால் தனுஷ்கோடி என்ற மணல் திட்டு ஊராயிற்று. ஸ்டேஷன், சுங்க ஆபீஸ், தபால் ஆபீஸ், ரயில்வே ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோயில், சர்ச் எல்லாம் வந்தன. போர்ட்டர்களும் கலாசிகளும் மீன்காரர்களும் குடியேறினார்கள். மறுபக்கம், இலங்கை வழியை நம்பியிருந்த சின்னத் துறைகள் மங்கின. பணம் படைத்த வியாபாரி கொழும்புக்கும் சென்னைக்கும் கடையை மாற்றிக்கொண்டான். தோணியில் பாய் இழுத்தவன் என்ன ஆனான், மூட்டை சுமந்தவன் எங்கே போனான் என்று எந்தக் கம்பெனியும் விசாரிக்கவில்லை.

போட் மெயிலில் போனவர்கள் எல்லோரும் ஒரே மாதிரியாகவா போனார்கள்? மேல் வகுப்புப் பிரயாணி ராத்திரி தூங்கி எழுந்து, காப்பி குடித்துவிட்டு ஸ்டீமரில் ஏறினான். தோட்டக் கூலியாகப் போனவனை மண்டபத்தில் இறக்கினார்கள். அங்கே இலங்கை சர்க்காரின் முகாம் இருந்தது. மண்டபம் கேம்ப் என்று இன்றும் சொல்கிறோமே, அதுதான். அம்மை குத்தி, துணிமணியை மருந்தில் அவித்து, நோயில்லை என்று தெரியும் வரை நாட்கணக்கில் அடைத்து வைத்து, பிறகுதான் அனுப்பினார்கள். இந்தத் தோட்டத்துக்குச் சேர வேண்டியவன் இவன் என்று காட்ட எண் வெட்டிய தகர டிக்கட் ஒன்று உண்டு. அதைக் கூலிக்காரன் கழுத்தில் மாட்டி அனுப்பினார்கள். மூட்டைக்கு அடையாளம் கட்டுவது போல! வண்டிச் சத்தமோ அவன் பேரில் கடனாக ஏறியது. காலால் நடந்து செத்த காலம் போய்விட்டது உண்மை. அந்த அளவுக்கு ரயில் உயிரைக் காத்தது, அதை மறுக்க மாட்டோம். ஆனால் நடந்து போனவன் காட்டில் தப்பியோடவாவது முடியும்.

வெள்ளையன் கையிலிருந்த வண்டியையும் கப்பலையும் எதிர்த்து நம் மக்கள் சும்மா இருக்கவில்லை. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலக் கம்பெனியின் ஏகபோகத்தை உடைக்க வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். அதே வ.உ.சி. 1908இல் கோரல் மில் தொழிலாளிகளின் வேலைநிறுத்தத்தில் முன்னின்றார். கப்பலையும் ஆலையையும் அவர் ஒரே போராட்டமாகப் பார்த்தார். 1928இல் தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளிகளின் மாபெரும் வேலைநிறுத்தம். நாகப்பட்டினம் முதலிய இடங்களில் இருந்த பட்டறைகளை மூடிப் பொன்மலையில் ஒன்றாகச் சேர்த்தார்கள். ஆட்குறைப்புக் கத்தி விழுந்தது. பொன்மலை என்று ஒரு தொழிலாளர் நகரம் எழுந்ததும், நாகப்பட்டினம் பொலிவிழந்ததும் ஒரே உத்தரவின் இரண்டு முனைகள். தலைமை தாங்கிய சிங்காரவேலர் சிறைக்குப் போனார்.

ரயிலுக்குப் பின் மோட்டார் பஸ். இதில் நம் ஜில்லாவுக்கென்று ஒரு கதை உண்டு. பஸ் முதலாளிகளில் பலர் தாழ்த்தப்பட்ட மக்களை வண்டியில் ஏற்ற மறுத்தார்கள். காசு கொடுத்தாலும் ஏற்ற மாட்டார்கள். 1920களின் இறுதியில் ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், அவர்களை ஏற்றாத பஸ்ஸுக்கு உரிமம் கிடையாது என்று உத்தரவு போட்டார். அவர் நம் இயக்கத்துக்காரர் அல்ல, சுயமரியாதை இயக்கத்துக்காரர். இருந்தாலும் செய்ததைச் செய்தார் என்று சொல்ல வேண்டும். எஞ்சினுக்கு ஜாதி தெரியாது. ஆனால் எஞ்சின் தானாக ஜாதியை ஒழித்துவிடும் என்று காத்திருந்தால், நம் அப்பன் பாட்டன் இன்னும் ரோட்டோரத்திலேயே நின்றிருப்பார்கள். 1972இல் பஸ்கள் தேசியமயமாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்ததும், 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கட் இல்லாமல் போனதும் அந்த வழியில் நடந்தவைதான். களையெடுக்கப் பக்கத்து ஊருக்குப் போகும் பெண் தோழர்களைக் கேளுங்கள். கூலியில் பஸ்காசு பிடித்தம் போகாததன் அருமையை அவர்கள் சொல்வார்கள்.

இனி 1964. டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பாசஞ்சர் வண்டி, ஊரை நெருங்கியபோது கடல் எழும்பி விழுந்தது. வண்டியில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களில் எவரும் பிழைக்கவில்லை. தனுஷ்கோடியும் போயிற்று. ஐம்பது வருஷத்தில் ரயில் கட்டிய ஊரை ஓர் இரவில் கடல் எடுத்துக்கொண்டது. பாம்பன் பாலத்தின் கர்டர்கள் பெரும்பாலும் அடித்துச் செல்லப்பட்டன. தூக்குப் பாலம் மட்டும் நின்றது.

பாலத்தைச் சரிசெய்ய முதலில் ஆறு மாதம் கெடு வைத்தார்கள். 46 நாளில் வேலை முடிந்தது. பொறுப்பேற்ற பொறியாளர் இ. ஸ்ரீதரனின் பெயர் எல்லோருக்கும் தெரியும், தெரிய வேண்டியதுதான். கடலுக்குள் கிடந்த கர்டர்களைத் தேடி மேலே தூக்கிய தொழிலாளிகள் யார் யார்? பாலம் ராமேஸ்வரத்துக்குத் திரும்ப வந்தது. தனுஷ்கோடி மனித வாழ்க்கைக்கு லாயக்கற்றது என்று சர்க்கார் அறிவித்துவிட்டது. ஸ்டேஷனை நம்பியிருந்தவர்கள் திசைக்கொருவராகப் போனார்கள். மீனவர்கள் மட்டும் திரும்பி வந்து குடிசை போட்டார்கள். அவர்களுக்கு ரயில் எப்போதும் வாழ்வு கொடுக்கவில்லை. அது போனதனால் கடலும் போய்விடவில்லை.

புயலுக்கு இரண்டு மாதம் முன்புதான், 1964 அக்டோபரில், சிரிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. தோட்டத் தொழிலாளிகளில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று இரண்டு சர்க்கார்களும் பங்கு போட்டன. எவன் கழுத்தில் தகர டிக்கட் மாட்டி அனுப்பினார்களோ, அவன் பேரப்பிள்ளைகள் ‘ராமானுஜம்’ கப்பலில் ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினார்கள். அதே மண்டபம் கேம்ப். அங்கிருந்து நீலகிரித் தேயிலைக்குச் சிலர், கூட்டுறவு நூற்பாலைகளுக்குச் சிலர். இங்கே இருக்கும் ஆலைத் தோழர்களில் அப்படி வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் இருக்கலாம். 1983க்குப் பிறகு இலங்கையில் நெருப்புப் பற்றியது, கப்பலும் நின்றது. உயிர் தப்பி வந்தவர்கள் மறுபடியும் படகில்தான் வந்தார்கள். நூறு வருஷம் தண்டவாளம், பாலம், ஸ்டீமர் என்று கட்டிய வழியில், கடைசியில் ஏழைக்குக் கிடைத்தது பழைய படகுதான்.

1988இல் சாலைப் பாலம் திறந்தது. கட்டி முடிக்க 14 வருஷம் ஆயிற்று. ராமேஸ்வரத்தில் லாட்ஜுகள் எழுந்தன. முன்பு நாட்கணக்கில் தங்கிய யாத்திரிகன் இப்போது காலையில் வேனில் வந்து தீர்த்தமாடி மாலையில் திரும்பிவிடுகிறான். 2017இல் தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை ரோடு போட்டார்கள். இடிந்த சர்ச்சின் பக்கத்தில் மீனவப் பெண்கள் சங்கும் பாசிமணியும் விற்கிறார்கள். அங்கே ரயில் விட 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். தண்டவாளம் இன்னும் ராமேஸ்வரத்தோடு நிற்கிறது.

ரயிலைப் பற்றி இன்னொன்று. கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் வண்டிகளை எக்ஸ்பிரஸ் என்று பேர் மாற்றி, குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயை 30 ஆக்கினார்கள். தண்டவாளம் அதேதான், பெட்டி அதேதான், வேகமும் ஏறக்குறைய அதேதான். பழைய கட்டணம் திரும்ப 2024 பிப்ரவரி ஆயிற்று.

அடுத்த தடவை பாம்பனைத் தாண்டும்போது கடலைப் பாருங்கள், இரும்பைப் பாருங்கள். ராமேஸ்வரத்தில் இறங்கியதும் பிளாட்பாரத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து, அந்த வண்டியில் முன்பதிவில்லாத பெட்டி எத்தனை, குளிர்சாதனப் பெட்டி எத்தனை, நின்றுகொண்டே வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கை அடுத்த வகுப்புக்கு எழுதிக் கொண்டுவாருங்கள், அதிலிருந்து தொடங்குவோம்.