விண்ணப்பத்தில் எழுதிய பெயர்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் குழு ஊக்குநர் ஒருவர் ஆற்றிய உரை)



எப்பவும் கடன் வசூல் பத்தித்தான் என்னைப் பேசச் சொல்வாங்க. இன்னைக்குப் பிள்ளைகள் படிக்கிற புத்தகம் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. நான் எட்டாவது வரைதான் படிச்சவ. தப்பு இருந்தா பொறுத்துக்கணும்.

முதலில் ஒரு கேள்வி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் பிரசவ உதவித்தொகை வாங்கினவங்க கை தூக்குங்க. சத்தியவாணி முத்து அம்மையார் பேரில் தையல் மெஷின் வாங்கினவங்க? மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேரில் கல்யாண உதவி வாங்கினவங்க? பாருங்க, பாதிப் பேருக்கு மேலே கை தூக்கியாச்சு.

அடுத்த கேள்வி. இந்த அம்மாக்கள் எல்லாம் யாரு, என்ன செஞ்சாங்கன்னு தெரிஞ்சவங்க கை தூக்குங்க.

நாலஞ்சு கைதான் தெரியுது. வெட்கப்பட வேண்டாம். 2009இல் என் மகள் பிறந்தப்போ அந்தத் திட்டத்தில் 6,000 ரூபாய் வாங்கினவள் நான். விண்ணப்பத்தில் முத்துலட்சுமி ரெட்டின்னு இருந்துச்சு. யாரோ பெரிய அதிகாரி போலன்னு நினைச்சு கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன். அவங்க யாருன்னு எனக்குச் சொன்னது அந்த மகள்தான். ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சின்னப் புத்தகம் கொண்டு வந்தாள். ‘அம்மா, நீ பணம் வாங்கினியே, அந்த டாக்டர் கதை இதுல இருக்கு’ன்னு சொன்னா. ராத்திரி சோறு ஆக்கி இறக்கினதும், அவ வாசிக்க, நானும் என் மாமியாரும் கேட்டோம்.

முத்துலட்சுமி 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அவருடைய அம்மா தேவதாசி குலத்தில் பிறந்தவர். ஆண் பிள்ளைகள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் இவர் சேர விரும்பினார். பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்பு வந்தது. புதுக்கோட்டை மன்னர் அனுமதி கொடுத்த பிறகே சேர முடிந்தது. பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1912இல் டாக்டர் ஆனார். 1927இல் மெட்ராஸ் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினராகி, அந்தச் சபைக்கே துணைத் தலைவராகவும் ஆனார். பெண்ணின் கல்யாண வயதை உயர்த்த வேண்டும் என்று அங்கே பேசினார். பெண் பிள்ளைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்டார். அதற்கான சட்டம் 1947இல்தான் வந்தது. அவருடைய தங்கை புற்றுநோயில் இறந்தார். அந்தத் துக்கத்தை மனதில் வைத்தே 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 12 படுக்கைகளோடு தொடங்கினார். இன்று நம்ம ஊர்களில் இருந்தும் அங்கே வைத்தியத்துக்குப் போய் வருகிறார்கள்.

மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் அந்தப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்துப் போராடியவர்தான். பள்ளி, கல்லூரி என்று படித்து வந்தவர் இல்லை. ஆனாலும் அந்தக் கொடுமையை ஊருக்குச் சொல்ல 1936இல் ஒரு நாவலே எழுதினார். 1938இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்துபோன படையில் இவரும் நடந்தார். அப்போது அவருக்கு வயது 50க்கு மேல். சத்தியவாணி முத்து அம்மையார் 1967இல் அண்ணா அமைச்சரவையில் அமைச்சர் ஆனவர். 1979இல் மத்திய அமைச்சராகவும் இருந்தார்.

இப்படிப்பட்டவர்களின் பெயரைத்தான் நாம விண்ணப்பத்தில் எழுதி நீட்டிட்டு வந்திருக்கோம்.

என் வீட்டு விஷயத்தையும் சொல்றேன். மகள் பத்தாவது முடிச்சதும், ‘போதும், நல்ல இடம் வருது, நிறுத்திடலாம்’னு உறவில் பேச்சு வந்துச்சு. என் மாமியாருக்கு 13 வயசில் கல்யாணம். அவங்க நிறுத்தத்தான் சொல்வாங்கன்னு நினைச்சேன். ஆனா வந்தவங்ககிட்ட அவங்களே சொன்னாங்க: ‘பன்னிரண்டாவது முடியட்டும். நம்மூர்ப் பக்கத்துப் பொண்ணு அந்தக் காலத்துலயே டாக்டருக்குப் படிச்சிருக்கு.’ புத்தகம் ஒண்ணுதான் எல்லாத்தையும் மாத்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். ராமாமிர்தம் அம்மையார் பேரில் இருந்த கல்யாண உதவியை 2022இல் அரசாங்கம் புதுமைப் பெண் திட்டமாக மாத்திச்சு. அரசுப் பள்ளியில் படிச்ச பொண்ணு கல்லூரிக்குப் போனா மாசம் 1,000 ரூபாய் கிடைக்கும். அதையும் கணக்குப் பார்த்தோம். ஆனா மாமியார் வாயில் அந்தப் பேச்சை வர வச்சது புத்தகம்தான். மகள் இப்போ பதினொன்றாவது படிக்கிறாள்.

பிள்ளைக்கு வரலாறு சொல்றது வாத்தியார் வேலைன்னு நாம விட்டுடறோம். நேரு அப்படி விடவில்லை. 1928 கோடையில் அவர் மகள் இந்திராவுக்கு 10 வயது. மகள் முசோரி மலையில், அப்பா அலகாபாத்தில். பூமி எப்படி உண்டானது, மனிதர்கள் எப்படி ஊர் கட்டி வாழத் தொடங்கினார்கள் என்று கடிதம் கடிதமாக எழுதினார். அது 1929இல் புத்தகமாக வந்தது. பிறகு 1930 முதல் 1933 வரை, பெரும்பாலும் சிறையில் இருந்தபடியே, உலக வரலாற்றை 196 கடிதங்களில் மகளுக்கு எழுதினார். நமக்கு அப்படி எழுத வராது. சரி. பிள்ளை வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்க வருமில்லையா? ராத்திரி டிவியை அரை மணி நேரம் நிறுத்தினால் போதும்.

எந்தப் புத்தகம் வாங்குவது? கொத்தமல்லியே கிள்ளிப் பார்த்து வாங்குகிறவர்கள் நாம். புத்தகத்தையும் புரட்டிப் பார்த்து வாங்கணும்.

ஒன்று, எந்த ஊர், எந்த வருஷம் என்று தெளிவாகச் சொல்லியிருக்கா என்று பாருங்கள். ‘அந்தக் காலத்தில் ஒரு மேதை’ என்றே போனால் அது வரலாறு இல்லை.

இரண்டு, வெறும் புகழ்ச்சியாக இருந்தால் வைத்துவிடுங்கள். யார் தடுத்தார்கள், யார் துணை நின்றார்கள், எத்தனை வருஷம் ஆனது என்று சொல்லியிருக்கணும். பிறக்கும்போதே பெரிய ஆள் என்று எழுதினால், ‘அவங்க வேற, நாம வேற’ன்னு பிள்ளை நினைச்சிடும்.

மூன்று, வரிசையாகத் தலைவர்கள் கதை வாங்கும்போது அதில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். 1848இல் புனேயில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தத் தொடங்கிய சாவித்திரிபாய் புலே மாதிரி, வெளி மாநிலத்துப் பெண்கள் கதையும் இருக்கட்டும். அதை ஆண் பிள்ளைகளும் வாசிக்கணும்.

நான்கு, எழுத்து பெரிதாகவும் படத்தோடும் இருந்தால் பாதி படித்த நாமும் எழுத்துக்கூட்டி வாசிக்கலாம். 1957இல் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்ட், பிள்ளைகளுக்காகவே நேரு பால புத்தகாலயம் என்ற வரிசையில் தமிழிலும் வெளியிட்டிருக்கிறது. புத்தகக் கண்காட்சிக்குப் போனால் அந்தக் கடையைக் கேளுங்கள்.

கடைசியாக, எங்கள் குழுவில் போட்ட தீர்மானத்தைச் சொல்றேன். 20 உறுப்பினர்கள், ஆளுக்கு மாதம் 10 ரூபாய். அந்த 200 ரூபாயில் மாதம் இரண்டு மூன்று புத்தகம் வாங்கி ஒரு தகரப் பெட்டியில் வைக்கிறோம். கடன் பேரேடு மாதிரி ஒரு நோட்டு போட்டிருக்கோம். புத்தகக் கடனுக்கு வட்டி கிடையாது. ஆனா 15 நாளில் திருப்பணும். வாங்கிய பிள்ளை அடுத்த கூட்டத்தில் அஞ்சு நிமிஷம் கதையைச் சொல்லணும். அதுதான் தவணை.

பணம் போட முடியாத குழு, ஊர் நூலகத்தில் பிள்ளைகளை உறுப்பினராகச் சேர்த்து விடலாம். நூலகம் பூட்டிக் கிடந்தால் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபையில் எழுந்து கேளுங்கள். தண்ணீருக்கும் தெருவிளக்குக்கும் கேட்கத் தெரிந்த நமக்கு இதையும் கேட்கத் தெரியும்.

அடுத்த வருஷம் இதே கூட்டத்தில் இதே கேள்வியைக் கேட்பேன். அப்போ எல்லாக் கையும் தூக்கணும்.