குழந்தைகள் வார்டு வாசலில் யாரை நிறுத்துவது, யாரை உள்ளே விடுவது?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

போன எபிசோடுக்கு வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் இன்னைக்கு எடுத்துக்கறேன். ஒருத்தர் கேட்டிருக்கார்: "பேரனைப் பார்க்க ஊர்லேர்ந்து வந்த தாத்தா பாட்டியை ஆஸ்பத்திரி வாசல்லயே நிறுத்திட்டாங்க. ஆனா டீ விக்கிறவர் தூக்குவாளியோட வார்டுக்குள்ள வந்துட்டுப் போறார். இது என்ன பாதுகாப்பு?"

நியாயமான கேள்வி. 26 வருஷம் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தவள் என்கிற முறையில் பதில் சொல்றேன். கொஞ்சம் சுத்தி வளைச்சுத்தான் சொல்ல முடியும்.

முதல்ல, பாதுகாப்பு என்கிற ஒரே சொல்லுக்குள்ள நாம ரெண்டு விஷயத்தைப் போட்டு வச்சிருக்கோம். தப்பான ஆள் உள்ளே வராம பார்த்துக்கறது ஒண்ணு. தீயோ புகையோ வந்தா உள்ளே இருக்கிறவங்க உயிரோட வெளியே வர்றது இன்னொண்ணு. முதலாவதுக்குக் கதவு மூடியிருக்கணும். ரெண்டாவதுக்குத் திறக்கணும். பெரியவங்க வார்டில் பாதிப் பேராவது தானா எழுந்து நடந்துடுவாங்க. பச்சைக்குழந்தைகள் வார்டில் நடக்கிறவங்க யாரும் கிடையாது. அதனால அங்கே இந்த ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற இழுபறி ரொம்பக் கடுமையானது.

குழந்தைத் திருட்டைப் பற்றிச் சொல்றேன். சுவரேறிக் குதிச்சு வர்ற ஆளை நினைச்சுத்தான் நாம பயப்படறோம். நடக்கிறது அப்படி இல்லை. அமெரிக்காவில் காணாமல்போன குழந்தைகளுக்கான தேசிய மையம் இந்தச் சம்பவங்களைப் பல வருஷமாத் தொகுத்துட்டு வருது. அதில் திரும்பத் திரும்ப வர்ற உருவம் ஒரு பெண். பிள்ளை பெறக்கூடிய வயசு. பல பேர் தன் வீட்டிலேயே "நான் முழுகாம இருக்கேன்"னு சொல்லி நம்ப வச்சிருப்பாங்க. ரெண்டு மூணு நாள் முன்னாடியே வந்து எந்த வழியில் போகலாம்னு பார்த்துவச்சிருப்பாங்க. நர்ஸ் மாதிரி உடை. இன்னார் குழந்தைதான் வேணும்னு கிடையாது, கைக்கு வசதியா எது கிடைக்குதோ அது. அங்கே நர்ஸரியைவிடத் தாயின் அறையிலிருந்து எடுத்துட்டுப் போனதுதான் அதிகம்.

நம்ம ஊரிலும் செய்தித்தாளில் வர்ற சம்பவங்களைப் படிச்சுப் பாருங்க, சாயல் ஒண்ணாத்தான் இருக்கும். பக்கத்துக் கட்டில்காரிக்குச் சொந்தம் மாதிரி ஒரு அம்மா வந்து உட்காருவாங்க. பழம் நறுக்கிக் கொடுப்பாங்க. மறுநாள், "நீ போய்ச் சாப்பிட்டு வாம்மா, நான் பிள்ளையைப் பார்த்துக்கறேன்"னு சொல்வாங்க. சிசேரியன் முடிஞ்சு ரெண்டு நாள் தூக்கமில்லாத பொண்ணுக்கு அந்த வார்த்தை எவ்வளவு இதமா இருக்கும்!

அதனால நான் வார்டில் எல்லாத் தாய்மார்களிடமும் சொன்னது ஒண்ணுதான். ஊசிக்கோ, ரத்தம் எடுக்கவோ, ஸ்கேனுக்கோ, யார் குழந்தையைத் தூக்கினாலும் உங்க ஆள் ஒருத்தர் கூடவே நடக்கணும். வெள்ளை கோட் போட்டிருந்தாலும் சரி, நானே தூக்கினாலும் சரி. எந்த உண்மையான நர்ஸும் இதுக்குக் கோபப்பட மாட்டாங்க. கோபப்பட்டா சத்தம் போட்டு வார்டு சிஸ்டரைக் கூப்பிடுங்க.

2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு குழந்தைக் கடத்தல் வழக்கில், பிறந்த குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து கடத்தப்பட்டால் முதல் நடவடிக்கையா அந்த ஆஸ்பத்திரியின் உரிமத்தை நிறுத்தி வைக்கணும்னு சொல்லிச்சு. சரியான தீர்ப்புதான். ஆனா அதுக்கப்புறம் ஆஸ்பத்திரிகள் முதல்ல யோசிக்கிறது என்ன? இன்னும் ஒரு பூட்டு, இன்னும் ஒரு கிரில் கேட். எனக்குப் பயமா இருக்கிறது இங்கேதான்.

2021 ஜனவரி 9, மகாராஷ்டிராவின் பண்டாரா மாவட்ட மருத்துவமனை. பச்சைக்குழந்தைகள் பிரிவில் விடியறதுக்கு முன்னாடி தீ, 10 குழந்தைகள் போயிடுச்சு. 2024 நவம்பர் 15 ராத்திரி, ஜான்சி மருத்துவக் கல்லூரி. அங்கேயும் அன்னைக்கு ஒரே ராத்திரியில் 10 குழந்தைகள். ஆக்ஸிஜன் ஓடிட்டிருக்கிற அறையில் சின்னப் பொறி விழுந்தாலும் தீ பரவற வேகமே வேற. ஜான்சியில் ஜன்னலை உடைச்சுத்தான் நிறையக் குழந்தைகளை வெளியே எடுத்தாங்க. எடுத்தவங்களில் யார் யார் இருந்தாங்க? வாசலுக்கு வெளியே படுத்திருந்த அப்பாக்கள், சொந்தக்காரங்க. அதாவது, "விசிட்டர் உள்ளே வரக்கூடாது"ன்னு நாம வெளியே நிறுத்தி வச்ச ஆட்கள். அதுக்கப்புறம் எந்தக் குழந்தை யாருடையதுன்னு தெரியாம பெற்றோர் அலைஞ்சதாவும் செய்தி வந்தது.

கொல்கத்தாவில் 2011 டிசம்பர் 9 அன்னைக்கு நடந்த ஆஸ்பத்திரித் தீ குழந்தைகள் மட்டும் இருந்த இடத்தில் நடந்ததில்லை. ஆனாலும் சொல்லணும். 90 பேர் வரைக்கும் இறந்தாங்க, பெரும்பாலும் புகையில். பக்கத்துக் குடிசைப் பகுதி இளைஞர்கள் புகையைப் பார்த்துட்டு ஓடி வந்தப்போ, காவலாளிகள் முதலில் அவங்களைத் திருப்பி அனுப்பிட்டாங்கன்னு அப்போ பரவலாப் பேசப்பட்டது. அந்தக் காவலாளியை நான் திட்ட மாட்டேன். வெளியாளை உள்ளே விடாதேன்னு சொல்லித்தான் அவரை நிறுத்தியிருக்காங்க. எப்போ விடணும்னு யாரும் சொல்லிக்கொடுக்கலை.

இப்போ தாத்தா பாட்டிக்கு வர்றேன். வாசலில் நிக்கிற செக்யூரிட்டி அண்ணன் பெரும்பாலும் கான்ட்ராக்ட் ஆள். நாள் முழுக்க நின்னுட்டே இருக்கார். அவர்கிட்ட இருக்கிறது ரெண்டே விதி: பாஸ் இருந்தா விடு, இல்லைன்னா நிறுத்து. டீக்காரரைத் தினமும் பார்க்கிறார், முகம் தெரியும், அதனால விடறார். அதாவது, தெரிஞ்ச முகம்னா ஆபத்தில்லைன்னு நினைக்கிறார். நான் முன்னாடி சொன்ன அந்தப் பெண்மணி மூணு நாள் முன்னாடியே வந்து பழகறதுக்குக் காரணமும் இதுதானே.

2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் ஒரு டாக்டரை நோயாளியின் மகன் கத்தியால் குத்தின பிறகு, சென்னையில் நோயாளிகளோட இருக்கிறவங்க கையில் கலர் டேக் கட்டற முறை வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனா அதை ஒருத்தர் நின்னு படிச்சாத்தான் பிரயோஜனம். குழந்தைகள் வார்டில் தாயின் கையில் இருக்கிற எண்ணும் குழந்தையின் காலில் இருக்கிற எண்ணும் ஒண்ணா இருக்கணும். ஒவ்வொரு ஷிஃப்ட் மாறும்போதும், குழந்தை கை மாறும்போதும் அதைச் சத்தமா வாசிச்சுச் சரிபார்க்கணும். காசு செலவில்லாத வேலை இது. கேமரா வாங்கற அளவுக்கு இதில் ஏன் யாருக்கும் ஆர்வம் இல்லைன்னு எனக்கு இன்னும் புரியலை.

ஒண்ணை அழுத்திச் சொல்றேன்: அம்மா விசிட்டர் இல்லை. எடை குறைஞ்சு பிறந்த குழந்தையைப் பிறந்த கையோட தாயின் மார்போட அணைச்சு வைக்கிற கங்காரு முறையை இந்தியா உட்பட ஐந்து நாட்டு ஆஸ்பத்திரிகளில் சோதிச்சுப் பார்த்தாங்க. 2021ல் வெளியான அந்த முடிவில், குழந்தையின் நிலை சீரான பிறகு தொடங்கினதைவிட, உடனே தொடங்கின குழந்தைகளிடம் இறப்பு நாலில் ஒரு பங்கு குறைஞ்சிருந்தது. பச்சைக்குழந்தைப் பிரிவுக்குள்ளே பெற்றோரைச் சேர்த்துக்கணும்னு மத்திய அரசே 2017ல் வழிகாட்டி கொடுத்திருக்கு. அப்படியும் இன்னும் பல இடத்தில், பாலூட்ட வர்ற தாய் கதவைத் தட்டிட்டு நிக்கிறதைப் பார்க்கிறேன்.

மத்த சொந்தக்காரங்க விஷயம் வேற. சளி, இருமல் இருந்தா வராதீங்க. கை கழுவாம தொடாதீங்க, முத்தம் கொடுக்காதீங்க. பெரியவங்களுக்கு வெறும் ஜலதோஷமாப் போற கிருமி ஒரு மாசக் குழந்தையை வென்டிலேட்டரில் போட்டுடும். போன் சார்ஜரை வார்டில் இருக்கிற பிளக்கில், அதுவும் மெஷினுக்குப் பக்கத்தில், சொருகாதீங்க. "கோட் பிங்க்"னு மைக்கில் சொல்லிட்டுத் திடீர்னு எல்லாக் கதவிலும் ஆள் நின்னு உங்க கட்டைப்பையைத் திறக்கச் சொன்னா சண்டைக்குப் போகாதீங்க. எங்கேயோ ஒரு குழந்தையைக் காணோம்னு அதுக்கு அர்த்தம்.

கேள்வி கேட்டவருக்கு: பாஸை மாத்திக்கிட்டு ஒவ்வொருத்தரா உள்ளே போக முடியுமான்னு வாசலில் கேட்காதீங்க, வார்டு சிஸ்டர்கிட்ட கேளுங்க. பெரும்பாலும் வழி பண்ணுவாங்க. டீக்காரரைப் பற்றியும் அவங்ககிட்டயே சொல்லுங்க.

ராத்திரி தங்கப் போறவங்க இன்னொண்ணு செய்யணும். வார்டுக்கு ரெண்டாவது வழி எங்கேன்னு கேட்டு, ஒரு தடவை கீழே வரைக்கும் நடந்து பாருங்க. கட்டிலோ அட்டைப்பெட்டியோ மறிச்சுக்கிட்டு இருந்தா எடுக்கச் சொல்லுங்க. கதவில் பூட்டு தொங்கினா, சாவி யார்கிட்ட இருக்குன்னு ராத்திரி டியூட்டி ஆளைக் கேளுங்க. பகல் டியூட்டி ஆள் சொன்னார்னு விட்டுடாதீங்க.