ஏழு நாள் முகாமும் அ பதிவேடும்

(மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நாட்டு நலப்பணித் திட்டம் உங்களுக்குப் புதுசு இல்லை. காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில், 40,000 மாணவர்களோடு தொடங்கியது. பொறுப்பு ஒரு பேராசிரியருக்கு. மாணவருக்கு ஆண்டுக்கு 120 மணி நேர வேலை, அதோடு ஏதாவதொரு கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம். பல்கலைக்கழகம் வழியா வருகிற பணம் ரொம்பச் சின்னது. சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்குமே சரியாப் போயிடும்.

நான் மாணவனாப் போன முகாமைச் சொல்றேன். ஊர்ப் பள்ளிக்கூடத்துல தங்கினோம். கோயிலைச் சுத்திப் புல் செதுக்கினோம், சுண்ணாம்பு அடிச்சோம். ஆறாவது நாள்தான் சேரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. எதுக்கு? சுகாதார ஊர்வலத்துக்கு. ‘குளியுங்க, சுத்தமா இருங்க’ன்னு கோஷம் போட்டோம். ஒரு பாட்டி கேட்டாங்க: “ஏன் தம்பி, தண்ணிக் குழாய் ஊரோட நின்னுபோச்சே, குளிக்கத் தண்ணிக்கு எங்க போறது?” யாருக்கும் பதில் தெரியலை. நானும் சேரியிலிருந்து படிக்கப் போனவன்தான். அதை அன்றைக்கு நான் வாய் திறந்து சொல்லவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

சரி, அந்தச் சின்னப் பணத்துல என்ன செய்ய முடியும்? பஞ்சமி நிலத்தை எடுத்துக்குங்க. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வெள்ளைக்கார அரசு போட்ட ஆணையின்படி நம் மக்களுக்குத் தரப்பட்ட நிலம். வேற்றுச் சாதியாருக்கு விற்கக்கூடாது என்பது நிபந்தனை. ஆனாலும் கை மாறியது. அதைக் கேட்ட போராட்டத்தில் 1994இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள்.

உங்க முகாம் ஊர்ல அந்த நிலம் எங்கே இருக்கு? அ பதிவேட்டில், புல எண் வாரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தில் நகல் கேட்டு மனுப் போடலாம். பழைய பதிவேட்டையும் புதியதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. பழையதில் ‘டி.சி. நிலம்’ என்று இருந்தது புதியதில் யார் பேரில் இருக்கு? இப்போ யார் உழுகிறார்? ஐம்பது மாணவர்கள் ஏழு நாளில் வீடு வீடாக, வயல் வயலாகக் கேட்டு எழுதிவிடலாம். கோயிலுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற செலவுகூட ஆகாது.

ஒன்றை மறக்காதீங்க. எட்டாவது நாள் நாம பஸ் ஏறிடுவோம். ஊர்க்காரன் கோபத்துக்கு முன்னால நிக்கப்போறது சேரி ஜனங்கதான். அதனால முதல் நாளே அவங்களைக் கூப்பிட்டுக் கேளுங்க. வேணாம்னு சொன்னா நிறுத்திடுங்க. தகவல் சொன்னவர் பேரை எழுதாதீங்க. பொறுப்புப் பேராசிரியர் தயங்கினால் சட்டத்தைக் காட்டுங்க. கூட நின்னா அவரைத் தனியா விட்டுடாதீங்க.

அறிக்கையின் முதல் நகல் கல்லூரி அலமாரிக்குப் போகக்கூடாது. சேரியில் படிக்கத் தெரிந்த ஒரு பெண்ணின் கையில் கொடுத்து, எல்லார் முன்னாலும் சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. நாம போன பிறகும் அந்தக் காகிதம் அங்கே இருக்கணும்.