ஒண்டுக் குடித்தனமா, தனி வீடா?



1990-ஆம் ஆண்டின் இறுதியில், ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில், உலகின் முதல் இணையத்தளத்தைத் தாங்கி நின்றது ஒரே ஒரு நெக்ஸ்ட் கணிப்பொறி. அதனை எவரும் நிறுத்திவிடலாகாது என்று டிம் பெர்னர்ஸ் லீ அதன்மேல் சீட்டு எழுதி ஒட்டியிருந்தார். சர்வர் எனப்படும் வழங்கி அன்று தனி வீடு.

இன்றோ ஒரே வழங்கியில் பல தளங்கள் ஒண்டுக் குடித்தனம் செய்கின்றன. உலாவி தன் வேண்டுகோளுடன் தளத்தின் பெயரையும் சொல்லி அனுப்ப வேண்டும் என்று 1997-இல் வெளிவந்த எச்.டி.டி.பி. 1.1 நெறி விதித்தது. அதனால், முகவரி ஒன்றேயாயினும் உரிய குடியை வழங்கி அறிந்துகொள்கிறது. வாடகை குறைவுதான். ஆனால் செயலியும் நினைவகமும் பொது. அண்டை வீட்டுத் திருமணக் கூட்டம் நம் வாயிலையும் அடைத்துவிடும்.

கல்லூரி மலரை வெளியிடும் தளத்திற்கு இதுவே போதும். தனி வழங்கி கேட்பது ஆடம்பரம் என்பேன். அதே கல்லூரி தேர்வு முடிவுகளையும் அங்கே வெளியிடுமாயின் நிலைமை வேறு. ஆண்டெல்லாம் ஆளரவமற்றுக் கிடக்கும் வாயிலில், ஒரு காலைப் பொழுது மாணவர் அனைவரும் ஒருசேர வந்து நிற்பர். அந்த நாளைக் கொண்டே கணக்கிட வேண்டும்.

தனி வழங்கியை எடுத்தால், பராமரிப்பையும் சேர்த்து ஒப்படைத்தாலன்றி, மென்பொருளைப் புதுப்பிப்பதும் படியெடுத்து வைப்பதும் நம் வேலையாகும். அமைத்த மாணவர் பட்டம் பெற்றுச் சென்றபின் அதனைக் கவனிப்பவர் யார்? இதற்கு விடை கிடைத்த பிறகு வாடகையைப் பேசலாம்.