ஐரோப்பிய அரசியலும் உலக வாணிகமும்



ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் ஐரோப்பிய அரசியலையும் சர்வதேச வாணிகத்தையும் ஒன்றாகச் சேர்த்து முதுகலைப் பட்டம் அளிக்கிறார்கள். பட்டப்படிப்பை முடித்த இளைஞர் சிலர், "இது எண்ணெயையும் தண்ணீரையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றியது போல் அன்றோ இருக்கிறது?" என்று என்னைக் கேட்டதுண்டு. வாணிகவியல் கற்பிப்பவன் என்ற முறையில் இதற்கு விடை கூறக் கடமைப்பட்டிருக்கிறேன். விடை ஒரு புட்டியில் இருக்கிறது.

பிரான்சு நாட்டில் திஜோன் என்பது ஓர் ஊர். காசிஸ் என்னும் கருநிறச் சிறுகனியிலிருந்து அங்கே ஒரு மது செய்கிறார்கள். மதுவிலக்கைப் பற்றிப் பேசிப் பழகிய நம் நாட்டில் இது என்ன பேச்சு என்று பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். நான் பேசப்போவது சட்டத்தைப் பற்றி. புட்டியைத் திறக்கப் போவதில்லை. அந்த மதுவில் சாராயச் சத்து நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு. மேற்கு ஜெர்மனியிலிருந்த ரெவே என்னும் வணிக நிறுவனம் அதனை இறக்குமதி செய்து விற்க முனைந்தது. அதிகாரிகள் இடம் கொடுக்கவில்லை. அந்நாட்டுச் சட்டப்படி அத்தகைய பழமதுவில் 25 பங்கேனும் சாராயம் இருந்தாக வேண்டுமாம். வன்மை மிகுந்தால் தடுப்பதைக் கேட்டிருக்கிறோம். குறைந்தால் தடுப்பது விந்தை! அதற்கு அவர்கள் கூறிய காரணம் அதனினும் விந்தை. மென்மையான மது மக்களுக்கு எளிதில் பழகிப்போகும். ஆகவே அவர்தம் உடல்நலம் கருதியே தடுக்கிறோம் என்றார்கள்.

வழக்கு லக்சம்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றத்தை அடைந்தது. 1979-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. ஓர் உறுப்பு நாட்டில் முறைப்படி செய்து விற்கப்படும் பொருளை, தக்க பொதுநலக் காரணம் இல்லாமல் மற்றோர் உறுப்பு நாடு தடுக்கலாகாது என்பது அதன் சாரம். 1993-ஆம் ஆண்டு பிறந்தபோது ஐரோப்பாவில் நடைமுறைக்கு வந்த ஒற்றைச் சந்தைக்கு இத்தீர்ப்பும் ஓர் அடித்தளம்.

இப்போது எண்ணிப் பாருங்கள். வாணிகம் மட்டும் கற்றவன் அந்தப் புட்டியின் விலையையும் சுங்கத்தையும் கணக்கிடுவான். அது எல்லையில் ஏன் நின்றது என்பது அவனுக்குப் புலப்படாது. அரசியல் மட்டும் கற்றவன் 1957-இல் கையெழுத்தான ரோம் ஒப்பந்தத்தை ஒப்பிப்பான். ஒரு கடைக்காரன் வழக்கு அவ்வொப்பந்தத்திற்கு உயிரூட்டியதை அறியமாட்டான்.

இந்த இணைப்பு தொடக்கத்திலேயே இருந்ததுதான். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐந்தாண்டுகள் சென்றபின், 1950 மே 9 அன்று பிரான்சின் வெளிநாட்டு அமைச்சர் ராபர்ட் ஷூமான் ஒரு திட்டத்தை வெளியிட்டார். பிரான்சும் ஜெர்மனியும் தம் நிலக்கரி, எஃகு உற்பத்தியை ஒரு பொது அதிகாரத்தின் கீழ் வைப்பது என்பதே அது. பீரங்கி செய்யத் தேவையான பொருள்கள் பொதுவாகிவிட்டால், ஒருவர் மீது ஒருவர் படையெடுப்பது எங்ஙனம்? 1951-இல் ஆறு நாடுகள் அதற்கான ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டன. நோக்கம் அரசியல், கருவி வாணிகம்.

அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று. ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனமும் பிரான்சின் அல்ஸ்தோம் நிறுவனமும் தம் ரயில் தொழிலை ஒன்றாக்க விரும்பின. சீன நிறுவனத்தின் போட்டியை எதிர்நிற்க இது வேண்டும் என்று இரு நாட்டு அரசாங்கங்களும் ஆதரித்தன. ஆயினும் பிரஸ்ஸல்ஸிலுள்ள ஐரோப்பிய ஆணையம் 2019 பிப்ரவரியில் அதனைத் தடைசெய்தது. போட்டி குன்றிப் பொருள்களின் விலை ஏறும் என்றது. இரண்டு பெரிய நாடுகள் வேண்டியதை ஓர் ஆணையம் மறுக்க முடிந்தது எதனால்? இதனை ஆராய்வதற்கே ஒரு பருவம் முழுதும் போதாது. அது சரியான முடிவுதான் என்பது என் கருத்து. அறிஞர்களிடையே இதில் ஒருமனப்பாடு இல்லை.

நமக்கு இவையெல்லாம் தொலைதூரச் செய்திகள் என்று எண்ணவேண்டாம். இலங்கையின் ஆடைகள் ஐரோப்பாவில் சுங்கவரியின்றி நுழையச் சலுகை ஒன்று இருந்தது. மனித உரிமை உடன்படிக்கைகளை நிறைவேற்றுவதில் குறை உண்டு என்று கூறி, ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஆகஸ்டில் அதனை நிறுத்தியது. 2017 மே மாதத்தில் மீண்டும் வழங்கியது. தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணின் வேலை, பிரஸ்ஸல்ஸில் நடக்கும் அரசியல் விவாதத்தோடு கட்டுண்டிருக்கிறது.

இனி, படிப்பு. இத்துறையில் பழம்பெருமை வாய்ந்தது பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் 1949-இல் தோன்றிய ஐரோப்பியக் கல்லூரி. அங்கே அரசியல், பொருளியல், சட்டம் ஆகியவை தனித்தனித் துறைகளே. ஆனால் எல்லாம் ஐரோப்பாவைச் சுற்றியே அமைந்தவை. வேறு பல பல்கலைக்கழகங்கள் இரண்டையும் ஒரே பட்டத்தில் பிணைக்கின்றன. காலம் பெரும்பாலும் ஓராண்டு அல்லது இரண்டாண்டு. 2004-இல் தொடங்கிய எராஸ்மஸ் முண்டுஸ் திட்டத்தின் கீழ் இரண்டு நாடுகளிலேனும் தங்கிப் பயிலலாம். நம் நாட்டு மாணவர்களும் அதன் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். பெயரில் இரண்டும் இருப்பதாலேயே பாடத்தில் இரண்டும் இணைந்துவிடுவதில்லை. காலையில் அரசியல், மாலையில் கணக்கு என்று நடத்திவிட்டு, இரண்டையும் இணைக்கும் வேலையை மாணவன் தலையில் சுமத்தும் இடங்களும் உண்டு. வீட்டை அடகு வைத்துக் கடன் வாங்கிப் பிள்ளையை அனுப்பும் குடும்பத்திற்கு இது சிறிய செய்தியன்று. சேருமுன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். ஒரு சட்டத்தையோ தீர்ப்பையோ கையில் கொடுத்து, இதனால் ஒரு தொழிற்சாலைக்கு ஆகும் செலவென்ன என்று கணக்கிடச் சொல்லும் வகுப்பு அதில் உண்டா? இல்லையென்றால், நம் ஊரிலேயே ஏதேனும் ஒரு துறையில் ஆழ்ந்து கற்பது மேல்.

மொழி மற்றொன்று. ஐரோப்பிய ஒன்றியத்திற்கு 24 ஆட்சி மொழிகள். பிரஸ்ஸல்ஸ் அலுவலகங்களில் ஆங்கிலத்தைக் கொண்டு பெரும்பாலும் காலம் தள்ளிவிடலாம். ஆனால் லக்சம்பர்க் நீதிமன்றத்தில் நீதிபதிகள் தமக்குள் கலந்தாய்வது பிரெஞ்சு மொழியில்தான். புரூஜ் கல்லூரியிலும் ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் பயிற்றுமொழி. இரண்டாண்டுகளுக்கு முன்பே பிரெஞ்சைத் தொடங்கிவிடுவது நல்லது. அதற்குப் பாரிசுக்குப் போகவேண்டியதில்லை. புதுச்சேரி பக்கத்தில்தான் இருக்கிறது.